திரைக்குப் பின்னால் பாடியவன்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஓசூர் சிப்காட்டில் எந்தக் கம்பெனி என்றும் சொல்ல மாட்டேன், சொன்னால் என் வேலை போய்விடும். ஆனால் நடந்தது நடந்ததுதான். பாலாஜி இன்றைக்கும் எங்கள் கேன்டீன் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட மாட்டான். தங்கையைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவான்.

பாலாஜிக்கு மத்தூர் பக்கம். அப்பா, அம்மா இல்லை. தங்கை யுவஸ்ரீயைக் கூட்டி வந்து அதே கம்பெனியில் சேர்த்துவிட்டு, ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தான். அவளுக்குத் தலைவலி என்றால் இவனுக்குச் சோறு இறங்காது.

போன ஆயுத பூஜைக்கு மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். வெளிநாட்டில் ரத்தம் குடிக்கும் பேய்க் கதைகளைப் பாட்டு நாடகமாகப் போடுகிறார்களாம், நாமும் போடலாமே என்று. ஊரில் தெருக்கூத்துக் கட்டியவன் சும்மா இருப்பானா? பாலாஜி அந்தக் கதைகளைத் தேடிப் படித்தான். வீட்டு ஆள் வாய் திறந்து அழைக்காமல் அந்தப் பேய் உள்ளே நுழையாதாம். அவனுக்கு ஒரே குஷி.

"நம்ம கூத்துலயும் அதானப்பா! வேஷக்காரன் திரைக்குப் பின்னாடி நின்னு பாடணும். கூப்ட்டாத்தான் சபைக்கு வரணும்."

பேய் வேஷம் கூட வேலை செய்யும் பிரேம்குமாருக்கு. அதை யாரென்று விசாரிக்கும் கட்டியக்காரன் பாலாஜி. பாட்டுப் பாடி அழைக்கும் பெண் யுவஸ்ரீ. கூத்து முடிந்ததும், வந்த வேஷங்களை வழியனுப்ப மங்களம் பாடுவது வழக்கம். வெறும் ஒத்திகைக்கு எதற்கு மங்களம் என்று இவர்கள் ஒரு நாளும் பாடவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மெஷின் எல்லாம் நின்று, கம்பெனியே ஊமையாகக் கிடந்தது. கேன்டீன் ஹாலில் இரண்டு தூணுக்கு நடுவே போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். யுவஸ்ரீயோடு வேலை செய்யும் வினோதா செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். பிரேம்குமார் இன்னும் வரவில்லை.

மணி மூன்று இருபது. திரைக்குப் பின்னால் சலங்கை... ஜல்... ஜல்...

"வந்துட்டான்டா," என்றான் பாலாஜி. பின்வாசல் வழியாக வந்திருப்பான் என்று நினைத்தான்.

குரல் எழுந்தது. என்ன குரல்! பிரேம்குமாருக்குச் சுருதியே நிற்காது. இந்தக் குரல் பிசிறில்லாமல் பாடியது. பாட்டும் பாலாஜி எழுதியது இல்லை.

"யாரது?" வேஷத்தின் மிடுக்கோடுதான் கேட்டான். பாட்டு நின்றது.

போர்வை குட்டை. பிரேம்குமார் நின்றால் முழங்கால் வரை தெரியும், எல்லோரும் கிண்டல் செய்வார்கள். பாலாஜி குனிந்து பார்த்தான்.

கால் இல்லை.

ஜல்... ஜல்...

யுவஸ்ரீ அழைப்புப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டாள். அவனுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பாய்ந்து போய்ப் போர்வையை இழுத்தான்.

யாரும் இல்லை. பின்வாசலில் பூட்டு தொங்கியது.

அவன் போன் அடித்தது. பிரேம்குமார். "அண்ணா, பேரிகைல பஸ்ஸே வரல. இப்பத்தான் பாகலூர் தாண்டறேன்."

மூவரும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள்.

மூன்றாம் நாள் யுவஸ்ரீயால் எழுந்திருக்க முடியவில்லை. முகம் வெளுத்துக் கிடந்தது. "உடம்புல ரத்தமே இல்லையேம்மா" என்றார் டாக்டர். எங்கே போனது என்று அவருக்கும் தெரியவில்லை.

பாலாஜிக்கு உறைத்தது. கூப்பிட்டதை அனுப்பவில்லையே! கேன்டீன் ஹாலுக்குப் போய், தனியாக நின்று, அழுதுகொண்டே மங்களம் பாடினான். இனிச் சரியாகிவிடும் என்று நம்பினான்.

சரியாகவில்லை.

அந்தச் சனிக்கிழமை வினோதா வீடியோவைக் காட்டினாள். அதில் சலங்கை இல்லை. அந்தக் குரலும் இல்லை. பாலாஜியின் "யாரது?" இருந்தது. அதன் பிறகு யுவஸ்ரீயின் அழைப்பு.

'சபைக்கு வாரும் ஐயா' என்றுதான் அவன் எழுதியிருந்தான்.

அவள் பாடியது, 'எங்கள் வீட்டுக்கு வாரும் ஐயா.'

வீட்டுக்கு ஓடினான்.

"பாட்ட ஏன்மா மாத்துன?"

அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். "நீதானண்ணா மாத்தச் சொன்ன. திரைக்குப் பின்னாடி இருந்து."

"நான் உன் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்..."

"பொய் சொல்லாதண்ணா. இப்பவும் நீதான வந்து சொல்லித் தர்ற. தெனம் ராத்திரி... கழுத்துக்கிட்ட குனிஞ்சி... மெதுவா பாடறயே."

அந்த வாரம் முழுக்க, லீவு கிடைக்காமல், பாலாஜிக்கு நைட் ஷிஃப்ட். விடியும் முன் ஒரு நாள்கூட அவன் வீட்டுக்கு வரவில்லை.