மொட்டைத் தலையும் கடைசிப் பேப்பரும்

மொட்டை அடித்துக்கொண்ட பிறகு முதல் நாள் வேலைக்குப் போனபோது, ஒரு வெள்ளைக்கார அம்மா என் காலில் விழப் பார்த்தார்.

நான் வேலை பார்ப்பது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸில். ரிசப்ஷனில் உட்கார்ந்து சாவி கொடுப்பேன், சுடுதண்ணீர் வரவில்லை என்கிற புகாரைக் கேட்பேன், ஆட்டோ பிடித்துத் தருவேன். அந்தப் பகுதியில் மொட்டைத் தலையோடு பருத்திப் புடவை கட்டிக்கொண்டு ஒரு பெண் அமைதியாக உட்கார்ந்திருந்தால் அவள் துறவி என்றுதான் அர்த்தம். கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டதால் நான் அமைதியாக உட்கார்ந்திருந்தேன். அது அவருக்கு எப்படித் தெரியும்? கைகூப்பி, உங்கள் குரு யார் என்று கேட்டார். உங்கள் ரூமுக்கு டவல் வேண்டுமா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதிலும் ஏதோ உள்ளர்த்தம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே போனார்.

முதலாளி இதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் போனில், முடி வளரும்வரை உள்ளே கணக்கு அறையில் உட்காரச் சொல்லியிருந்தார். சாயங்காலம் பேச்சு மாறிவிட்டது. "முன்னாடியே உக்காருங்கம்மா. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. முடி வளரணும்னு ஒண்ணும் அவசரமில்ல," என்றார். மார்க்கெட்டிங்கை நான் காசு கட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது பிறவியிலேயே வந்திருந்தது.

அவரால்தான் நான் படிக்கவே ஆரம்பித்தேன். கெஸ்ட் ஹவுஸுக்கு இணையத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் போடுவது, படம் எடுத்துப் போடுவது, கோபமாக எழுதிவிட்டுப் போனவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் நான்தான். ஆனால் 'மார்க்கெட்டிங் மேனேஜர்' என்று ஒரு நாற்காலி போட்டபோது, அதில் உட்காரச் சென்னையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார். நான் நேராகப் போய்க் கேட்டேன். "அவரு எம்.பி.ஏ.ம்மா. நீங்களும் முடிச்சிட்டு வாங்க, உங்களுக்கே தரேன்," என்றார். பேச்சுக்குச் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சென்னைக்காரர் நம்மூர் வெயில் தாங்காமல் ஒரே கோடையில் கிளம்பிவிட, நாற்காலி காலியாகவே கிடந்தது.

ஆன்லைனில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். ஒரு காதில் பேராசிரியர், இன்னொரு காதில் குக்கர் விசில். மத்தியானம் விருந்தாளிகள் தூங்கும் நேரத்தில் ரிசப்ஷன் மேசையிலேயே அசைன்மென்ட் எழுதுவேன். நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வாய்ப்பாட்டில் திணறுவாள், ஆனால் 'டார்கெட் கஸ்டமர்' என்றால் என்ன என்று கேட்டால் டக்கென்று சொல்வாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போகாமல் விட்டிருக்கிறேன், சொந்தக்காரர் கல்யாணத்தில் தாலி கட்டும்போது மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து வினாடி வினா எழுதியிருக்கிறேன். பெரிய கலெக்டர் படிப்பு என்று நக்கல் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எல்லாப் பேப்பரும் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி இருந்தபோது மகளுக்கு டெங்கு வந்தது. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் பேசும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார். பரீட்சை நாளன்று நான் ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஏறும் டிரிப்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு எந்த மூலையில் கிடந்ததோ, நினைப்பே இல்லை. வாய் தானாக வேண்டிக்கொண்டது: பிள்ளையைக் கொடுத்துவிடு, முழு மொட்டை அடித்துக்கொள்கிறேன்.

பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த நாளே, ரசம் வேண்டாம் ஆம்லெட் வேண்டும் என்று சண்டை போட்டாள். அதைக் கேட்டு நான் அழுத அழுகைக்கு அளவில்லை.

விட்டுப்போன பேப்பரை எழுத இன்னொரு வாய்ப்பு உண்டு என்று பல்கலைக்கழகம் பதில் போட்டது. அதையும் விட்டால் சேர்க்கையே காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும் என்றும் போட்டிருந்தது. அந்தத் தேதி எங்கள் குலதெய்வக் கோயில் ஆடித் திருவிழா முடிந்த கையோடு வந்தது. கோயில் கீழ்பென்னாத்தூர் பக்கம். என் கணவர் அந்த ரூட்டில்தான் வேன் ஓட்டுகிறார்.

"பூமுடி குடுத்தா போதாதா? பொம்பளைங்க எல்லாம் அப்டித்தான குடுக்கறாங்க," என்றார். பூமுடி என்றால் பேருக்கு நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுப்பது.

"நான் பூமுடின்னு வேண்டிக்கலைங்க."

"அப்ப அடுத்த ஆடிக்குக் குடுக்கலாம். பரீட்சையை முடி மொதல்ல. சாமி எங்கயும் ஓடிப் போயிடாது."

"சாமி ஓடாது. நான்தான் ஏதாச்சும் சாக்கு சொல்லிட்டு ஓடிடுவேன். இப்பவே குடுத்துடறேன். பரீட்சையும் எழுதறேன்."

அவருக்கு என்னைத் தெரியும். மேற்கொண்டு பேசாமல் வேனை எடுத்தார். முடி விழுந்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை. சந்தனம் பூசியதும் தலை குளிர்ந்தது. மகள் தடவிப் பார்த்துவிட்டு, தேங்காய் மாதிரி இருக்கிறது என்றாள்.

நம்மூரில் மொட்டைக்கு ஒரே ஒரு கேள்விதான்: எந்தக் கோயில்? எதிர்வீட்டு அக்காவும் அதைத்தான் கேட்டார், பால்காரரும் அதைத்தான் கேட்டார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் எனக்கு ஒரு விஷயம் தோன்றவே இல்லை. வீட்டிலிருந்து எழுதும் பரீட்சையில் கேமரா முதலில் முகத்தைப் பார்க்கும். பல்கலைக்கழகத்திடம் இருந்த என் படத்தில் நடுவகிடு எடுத்துப் படிய வாரிய தலை, தோளில் மல்லிகைப் பூ.

பரீட்சையன்று அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதால் கணவர் மகளைத் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். முகம் பொருந்தவில்லை என்றது கணினி. விளக்கைப் போட்டேன். பொருந்தவில்லை. முந்தானையைத் தலைக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் பொருந்தவில்லை. ஆதார் கார்டைக் காட்டினேன். ஆதார் படத்தில் யாரும் யாரைப் போலவும் இருக்க மாட்டார்கள், அதிலும் எனக்கு முடி இருந்தது.

கண்காணிப்பாளர் லைனில் வந்தார். எங்கோ வடக்கே ஓர் ஊரிலிருந்து பேசும் இளம் குரல். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். என்னுடையது ரிசப்ஷன் ஆங்கிலம். வெல்கமும் சாரியும் ஹாட் வாட்டரும்தான் சரளமாக வரும்.

"படத்தில் இருப்பவர் நீங்கள் இல்லையே, மேடம்."

"நான்தான் சார். தலையில் முடியை எடுத்துவிட்டேன். வீட்டு விஷயம்."

அவர் குரல் தணிந்து வந்தது. "மன்னியுங்கள் மேடம். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். அப்பாவா, கணவரா?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அவர் ஊரில் வீட்டில் சாவு விழுந்தால்தான் மொட்டை போலிருக்கிறது. அவர் நல்ல மனசோடுதான் பேசினார். குடும்பத்தில் இறப்பு என்றால் முகச் சோதனையை விட்டுவிட்டு நேரடியாகக் கேள்வி கேட்டு அனுமதிக்கத் தனக்கு அதிகாரம் இருக்கிறது, சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டார்கள், ஆம் என்று சொன்னால் போதும் என்றார். இல்லையென்றால் தேர்வை மூடுவதைத் தவிர வழியில்லை.

ஆம் என்று ஒரு வார்த்தை. குக்கர் விசிலோடு கேட்ட பாடமெல்லாம், படிக்கட்டில் எழுதிய வினாடி வினா எல்லாம், அந்தக் காலி நாற்காலியும் சேர்ந்து அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நின்றன. யாருக்குத் தெரியப்போகிறது? சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதோடு எனக்குக் கோபமும் வந்தது. நான் முடி கொடுத்தது எதற்காக, இங்கே உட்கார்ந்து என்ன சொல்லப் பார்க்கிறேன்?

"இல்லை சார். யாரும் சாகவில்லை. என் மகளுக்குக் காய்ச்சல். செத்துப்போய்விடுவாள் என்று பயந்தோம். பிழைத்துவிட்டாள். அதற்காகத்தான் முடி கொடுத்தேன்."

"அப்படி ஒரு காரணம் என் பட்டியலில் இல்லையே, மேடம்."

"அது பட்டியலின் தப்பு சார். வாடிக்கையாளர் சொல்வது பட்டியலில் இல்லையென்றால் பட்டியலைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் பாடத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. மேலே யாரையாவது கேளுங்கள்."

இவ்வளவு நீளமாக நான் ஆங்கிலத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது, குரல் நடுங்கவில்லை. அவர் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். திரையில் என் மொட்டைத் தலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மூடிவிட்டால் மூடட்டும், மறுபடி முதலிலிருந்து சேருவேன், முதல் பாடத்திலிருந்து மறுபடி கேட்பேன் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தார். என் அம்மா பெயர் கேட்டார், முதல் வருடம் எதைப் பற்றி புராஜெக்ட் செய்தேன் என்று கேட்டார், காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார். எல்லாம் செய்தேன். பிறகு திரையில் ஒரு கட்டம் திறந்தது. 'பிற காரணம்' என்று போட்டிருந்தது.

"இதில் நீங்களே எழுதிவிடுங்கள் மேடம். எழுதியது நிரந்தரமாகப் பதிவில் இருக்கும்."

மகள் நலமாக இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் தட்டினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

"கேட்க சந்தோஷமாக இருக்கிறது மேடம். உங்கள் நேரம் ஆரம்பிக்கிறது," என்றார்.

வினாத்தாள் திறந்தபோது கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினேன். கை முகத்தை மறைக்கிறது என்று கணினி சிவப்பில் எச்சரித்தது. கையை இறக்கிவிட்டு, கொட்டுகிறபடி கொட்டட்டும் என்று முதல் கேள்வியைப் படிக்க ஆரம்பித்தேன்.