சண்டை போட ஒரு வீடு

கண் பார்வை மங்கியதும் லாரிக்காரருக்கு வேலை போயிற்று. பின்னாலேயே வீடும் போயிற்று. பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், மூடிக் கிடந்த ஒரு கடையின் வாசலில் அவரும் மனைவியும் அட்டை விரித்துப் படுக்கத் தொடங்கி, வருஷங்கள் ஓடிவிட்டன. காப்பகத்தில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. அதனால் லாரிக்காரம்மா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

வீடில்லாதவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் அமைப்பிலிருந்து ஒருத்தி வந்தாள். வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லாரிக்காரம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை.

“அவர விட்டுட்டு எனக்கு மட்டும் கூரை எதுக்கு?”

“யாரு விடச் சொன்னா? ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பாக்குறேன்” என்றாள் அக்கா.

பல வீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். எந்தப் பிரச்சினை வந்தாலும் தானே வந்து நிற்பதாக அக்கா வாக்குக் கொடுத்த பிறகு ஒருவர் இறங்கி வந்தார். மாடியில் ஓர் அறை, சமையலறை, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் குளியலறை. லாரிக்காரருக்குக் கண்புரை என்று தெரிந்து, அக்காவே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். அறுவை சிகிச்சையில் ஒரு கண் தெளிந்தது. அங்கேயே சலவைப் பிரிவில் லாரிக்காரம்மாவுக்கு வேலையும் கிடைத்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் போன் செய்தார். தினமும் சாயங்காலம் மாடியில் ஒரே கூச்சல், கீழ்வீட்டு டீச்சர் பயப்படுகிறார் என்றார். அக்கா ஓடி வந்தாள். படியேறும்போதே சத்தம் கேட்டது.

உள்ளே லாரிக்காரம்மா கொடிக்கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றார். மறுமுனையைப் பிடித்தபடி, ஜன்னலில்தான் கட்ட வேண்டும் என்று கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார் கணவர்.

என்ன நடக்கிறது என்று அக்கா கேட்டாள். லாரிக்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

“ரோட்டுல சண்டை போட முடியுமாக்கா? நாலு பேர் வேடிக்கை பாப்பாங்க. எல்லாத்தையும் முழுங்கிட்டுக் கெடந்தேன். இப்பத்தான் கதவச் சாத்திட்டு வாயத் தொறக்குறேன்.”

“இன்னும் அஞ்சாறு வருஷத்துச் சண்டை பாக்கி இருக்கு” என்றார் கணவர், பெருமையாக.

அக்கா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு லாரிக்காரம்மாவைக் கீழே கூட்டிப் போனாள். யாரோ அடி வாங்குவதாக நினைத்தேன் என்றார் டீச்சர். விஷயம் தெரிந்ததும், கொடி கடைசியில் எங்கே கட்டினீர்கள் என்று ஆவலாகக் கேட்டார்.

இப்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சண்டை. வாரம் தவறாமல் வந்த அக்கா மாதம் ஒருமுறை வந்தால் போதுமென்று ஆகிவிட்டது. போன முறை வந்து கதவைத் தட்டியபோது, லாரிக்காரம்மா கையில் ஈரத்துணியோடு எட்டிப் பார்த்தார்.

“இப்பத்தான் தொடச்சேன். காயற வரைக்கும் அங்கயே நில்லுங்க.”

அக்கா வாயெல்லாம் பல்லாக வாசலிலேயே நின்றாள்.