முருங்கையிலை கேட்டு வந்தவர்

அழைப்பிதழில் பின்னேரம் மூன்று மணி என்று போட்டிருந்தார்கள். ஸ்கந்தபுரத்தில் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் மங்கள விளக்கு ஏற்றியபோது நான்கு ஆகிவிட்டது. வைகாசி மாதம், விசாகத்துக்கு முந்திய சனிக்கிழமை. நான் இப்படியான விபரங்களைக் குறித்து வைக்கிற ஆள். நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் வந்த பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் முற்றத்தில் மழைமானி ஒன்று வைத்து, காலையில் அளந்து எழுதுகிறேன். எந்த வருடம் குளம் நிரம்பி வான்பாய்ந்தது, எந்த மாதம் யானை வாழைத்தோட்டத்துக்குள் இறங்கியது என்று ஊரில் வாக்குவாதம் வந்தால் என்னிடம்தான் தீர்ப்புக்கு வருவார்கள்.

ஊரில் நடப்பது எதுவும் எனக்குத் தப்பாது என்றுதான் அன்று நான்கு மணி வரை நினைத்திருந்தேன்.

கௌரவிப்பு யாருக்கு என்று அழைப்பிதழில் இல்லை. ‘சிறந்த துணையாளர்’ என்று மட்டும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்த அலுவலர் விளக்கினார். துயரப்பட்டவர்களுக்குத் துயரப்பட்டவர்களே துணை நிற்கும் திட்டம் ஒன்று எங்கள் பக்கத்தில் இரண்டு வருடமாக நடக்கிறதாம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர், அதேமாதிரிப் பறிகொடுத்த வீடுகளுக்குப் போய் இருந்து கதைத்துவிட்டு வருவாராம். சம்பளம் இல்லையாம். இரண்டு வருடம்! எனக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு மேடைக்கு ஏறியவரைக் கண்டதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு. வாய்க்கால் கரையில் குடியிருக்கும் பெண். மலையகத்தில் இருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். கூலிக்கு நாற்று நடப் போவார். அவருடைய மகளை ஒரு மாரியில் வாய்க்கால் கொண்டுபோனது. அதெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஊர் அவரை அறிந்திருந்தது வேறொன்றால். உரப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் முருங்கையிலை கேட்பவர் அவர். தன் வளவில் இரண்டு முருங்கை நிற்க, ஏன் ஊரெல்லாம் கேட்டுத் திரிகிறார் என்று சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக்கும் செவ்வாய்க்கிழமைகளில் வருவார். செவ்வாய் மரக்கறி நாள், வறைக்கு இலை வேண்டுமாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முருங்கையிலை ஒரு சாட்டு என்று அலுவலர் சொல்லவில்லை. ஆனால் சனம் விளங்கிக்கொண்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவர் யார் யாருடைய படலையைத் திறந்து போனவர் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ‘அந்த வீட்டில ஆருக்கோ மனம் சரியில்லையாம்’ என்று ஒரு கதை வெளிக்கிட்டால் அது சந்தையடி வரை போய்த் திரும்பும். கலியாணப் பேச்சு நின்ற வீடுகள் உண்டு. அதற்காகத்தான் இவர் படலைக்கு வெளியே நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, “அக்கா, முருங்கையிலை கொஞ்சம் இருக்கோ?” என்று கூப்பிட்டிருக்கிறார்.

இது தெரியாமலோ யோசிக்காமலோ, நிகழ்ச்சியை ஒழுங்குசெய்தவர்கள் மாலை போடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். பிரமுகர் போடமாட்டார், துணை பெற்றவர்கள் எழும்பி வந்து போடவேண்டும். மேசையில் ஐந்தாறு மாலைகள் இருந்தன.

ஒலிவாங்கியைப் பிடித்திருந்த வாத்தியார் பகிடியாகவே தொடங்கினார். “எல்லாரும் ஒருமிச்சு ஏறாதேங்கோ, மேடை பழசு.”

ஒருவரும் எழும்பவில்லை.

“வெக்கப்படாதேங்கோ. ஒராள் வந்தாப் போதும்.”

சோளகக் காற்று யன்னல் கதவு ஒன்றை அடித்துச் சாத்தியது. அந்தப் பெண் இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, தன் கால்களைப் பார்த்தபடி நின்றார். ஒருவரும் வராவிட்டால் நாளையில் இருந்து ஊருக்கு அவர் யார் என்று எனக்குத் தெரியும்: ஒருவருக்கும் ஒன்றும் செய்யாமல் பரிசுக்கு ஏறிய பொம்பிளை. பிறகு எந்தப் படலைக்குள் போவார்? பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

“முருங்கை மரத்தைக் கூப்பிடுங்கோ, வாத்தியார். அதுதான் வரும்.”

சிரித்தார்கள். நானும் வாய்க்குள் சிரித்திருப்பேன். அதற்குள் பக்கத்துக் கதிரை நகர்ந்தது. என் மனைவி எழும்பிவிட்டா.

தண்ணீர் குடிக்கப் போகிறா என்றுதான் நினைத்தேன். அவா நடுவழியால் நேரே போய், செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி, ஒரு மாலையை எடுத்து அந்தப் பெண்ணின் கழுத்தில் போட்டா. வாத்தியார் ஒலிவாங்கியை நீட்டினார். என் மனைவி ஒருநாளும் ஒலிவாங்கியில் பேசியதில்லை.

“மார்கழியில இவா வந்திருக்காட்டி நான் இண்டைக்கு இல்லை,” என்றா. இறங்கி வந்து என் பக்கத்தில் இருந்துகொண்டா.

கை தட்டினார்கள். இன்னும் யாரும் ஏறினார்களா, அலுவலர் என்ன பேசினார், ஒன்றும் எனக்கு நினைவில்லை. இத்தனை வருடத்தில் நான் போன நிகழ்ச்சிகளில், எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாத ஒன்று அதுதான்.

எங்கள் இளைய மகன் அதற்கு முந்திய ஐப்பசியில் ஏ-ஒன்பது வீதியில் மோட்டார் சைக்கிளில் போய் விபத்தில் இறந்தான். செலவு, எட்டு, அந்தியேட்டி என்று சடங்கெல்லாம் முறைப்படி செய்தோம். மார்கழியில் மனைவி சமைத்தா, கூட்டினா, கோயிலுக்குப் போனா. அழவில்லை. தேறிவிட்டா என்று நினைத்தேன். ஒரே வீடு. ஒரே குசினி.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் ஏற எனக்கு மனம் வரவில்லை. உருட்டிக்கொண்டு நடந்தோம்.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா எழுதிப்போடுவியள்.”

“எழுதினா என்ன?”

அவா கொஞ்சத் தூரம் நடந்தா. பிறகு, “உங்களிட்டையும்தான் வந்தவா,” என்றா.

“ஆர், என்னட்டையோ?”

“எனக்கு முருங்கையிலை. உங்களுக்கு மழை.”

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு செவ்வாயும் அந்தப் பெண் இலை பிடுங்க முதல் என் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, “அண்ணை, மழை எவ்வளவு பெய்ததாம்?” என்று கேட்பார். ஊரிலே மழைக் கணக்கில் அக்கறை உள்ள ஒரே ஆள் என்று எனக்கு அவரில் ஒரு மதிப்பு. போன மாரியோடு ஒப்பிட்டு, குளத்து நீர்மட்டம் சொல்லி, அரைமணித்தியாலம் விளங்கப்படுத்துவேன். அவரும் கேட்டுக்கொண்டு நிற்பார்.

“நீங்கள் அப்ப வேற ஒருத்தரோடையும் கதைக்கேல்லை, தெரியுமோ?” என்றா மனைவி. “என்னோடயும்தான்.”

எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது.

செவ்வாய் வந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு அவர் இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மனைவி இரண்டு தரம் படலைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தா. பத்து மணி போல அதே உரப்பையோடு வந்து, “அக்கா, முருங்கையிலை இருக்கோ?” என்று கூப்பிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அயல்வீட்டுக்காரி, “என்ன, இன்னமும் முருங்கையிலையோ?” என்றா.

“ஓம் அக்கா, வேற என்ன,” என்றுவிட்டு உள்ளே வந்தார். என் கதிரையடியில் நின்றார். “அண்ணை, மழை ஏதும்?”

“வைகாசியில எங்க மழை,” என்றேன். வழமையாக அதிலிருந்து போன வருடத்துக்குப் போயிருப்பேன். வாய் வேறு பக்கம் போனது. “ஐப்பசியில ஒரு நாள் நான் அளக்கேல்லை.”

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. உரப்பையை நிலத்தில் போட்டுவிட்டு வாசல்படியில் இருந்தார்.

“அண்டைக்குப் பெய்ததோ, அண்ணை?”

“பெய்தது. விடியத் தொடங்கினது. மழைக்கோட்டைக் கொடியில விட்டிட்டுப் போனவன். நான் பின்னால கூப்பிட்டனான். அவனுக்குக் கேக்கேல்லை.”

இதை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. குசினியில் அகப்பைச் சத்தம் நின்றிருந்தது.

அவர் எழும்பிப் போகும்போது மத்தியானம். படலைக்கு வெளியே போய்விட்டார். மனைவி கொக்கத்தடியை எடுத்து ஒரு முருங்கைக் கொப்பை முறித்துக்கொண்டு பின்னால் ஓடினா.

“வெறும் பையோட போகாதை,” என்றா. “சனம் பாக்குது.”