பௌர்ணமி அன்று மட்டும் நின்றுபோகும் கார்

எங்கள் அண்ணனின் கறுப்பு அம்பாசிடர் என்னைவிட வயதில் மூத்தது. ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் இருந்த ஒரு லாட்ஜுக்கு அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அதன் உருண்ட முகத்தின்மேல் அப்படி ஒரு ஆசை. வாசலில் புது வேன் நின்றாலும் இதில்தான் ஏறுவார்கள். மலையை நடந்து சுற்ற முடியாத வயதானவர்களைப் பௌர்ணமி காலையில், பாதையை வண்டிகளுக்கு மூடுவதற்குள், ஒரு சுற்று கூட்டிக்கொண்டு வருவான். அந்தச் சவாரியை ஓட்டம் என்று சொல்ல முடியாது. வெறுங்காலோடு நடப்பவர்களின் பின்னால் அவர்கள் வேகத்திலேயே ஊர்ந்து போகவேண்டும்.

கார் மானத்தை வாங்கியதும் அந்தச் சவாரியில்தான். பாதையில் அடி அண்ணாமலை கிராமம் வரும்போது இரண்டு முறை குலுங்கி நின்றுவிடும். அங்கே டீக்கடை வைத்திருந்தவர் தூரத்தில் பார்த்ததுமே குரல் கொடுப்பார்: "டேய், கறுப்பு வண்டி வருது, தள்ளறதுக்கு வாங்கடா!"

மறுபடியும் அப்படி நின்ற ஒரு பௌர்ணமியன்று லாட்ஜ் மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டார். "வண்டி அழகுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லப்பா. ஆனா வர்ற பௌர்ணமிக்கும் நின்னுதுனா நான் வேனுக்குச் சொல்லிடுவேன். மத்த நாள் சவாரியும் அவங்களுக்குத்தான். அப்புறம் என்னக் கேக்காத."

நான் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். நான் என்ன படித்தேன் என்பது வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

"படிச்சவன் சொல்லு. இதுக்கு இன்னா பண்ணலாம்?" என்றான் அண்ணன். கிண்டல் பாதி, கவலை பாதி.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. கார்பரேட்டரில் பெட்ரோல் ஒரு சின்னக் கிண்ணத்தில் வந்து நிற்கும். இன்ஜின் அதைக் காற்றோடு உறிஞ்சிக்கொள்ளும். சூடு ஜாஸ்தியானால் அந்தப் பெட்ரோல் கொதித்து ஆவியாகி, இன்ஜினுக்குப் போய்ச் சேராது. ஃப்யூவல் இன்ஜெக்ஷனில் அந்தத் தொல்லை இல்லை. டேங்கிலிருந்து பம்ப் அழுத்தத்தோடு அனுப்பும், ஒரு கம்ப்யூட்டர் பெட்டி அளந்து பீய்ச்சும். துணி துவைக்கிற கல்லின்மேல் கரித்துண்டால் படம் போட்டே காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டிக்கே ஊசி போடற அளவுக்குப் படிச்சிட்டான் எம்புள்ள" என்றாள்.

கூடப் படித்த நண்பன் ஒருவன் சென்னையில் ஒர்க்‌ஷாப்பில் இருந்தான். விபத்தில் நசுங்கிய ஒரு புதுக் காரின் இன்ஜெக்ஷன் செட் அப்படியே அவனிடம் இருந்தது. எஸ்டிடி பூத்திலிருந்து பேசினேன். "வண்டிய எடுத்துட்டு வா மச்சான், மாட்டிடலாம்" என்றான். எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பு. பழைய அம்பாசிடருக்குள் கம்ப்யூட்டர்! அந்த வட்டாரத்தில் யார் செய்திருக்கிறார்கள்?

மாட்டுவதற்கு முன் கார் நிற்பதை ஒருமுறை என் கண்ணால் பார்த்துவிட நினைத்தேன். ஒரு சாதாரண நாளில், உச்சி வெயிலில், ஆட்களை ஏற்றிக்கொண்டு அதே பாதையில் நடை வேகத்தில் ஊர்ந்தோம். நிற்கவில்லை. ஒரு குலுங்கல்கூட இல்லை. டீக்கடைக்காரருக்கு ஏமாற்றம். "இன்னாப்பா, நிக்காம போறீங்க?"

"பாத்தியா, உன்னப் பாத்து பயந்துடுச்சு" என்று அண்ணன் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையைவிடக் கடுமையான வெயில், அதே வேகம், அதே கார்பரேட்டர். அப்படியென்றால் பௌர்ணமிக்கு மட்டும் என்ன வருகிறது?

"அண்ணா, பௌர்ணமி காலைல எழுந்ததுலேர்ந்து இன்னா இன்னா பண்ணுவ, சொல்லு."

"இன்னா பண்ணுவேன்? வண்டியக் கழுவுவேன். அம்மா மாலை கட்டும், சூடம் காட்டும். கெளம்பிடுவேன்."

மாலை! அம்மா கட்டுவது லேசான சரம் இல்லை. மாவிலை வைத்து நெருக்கிக் கட்டிய சாமந்தி மாலை. ஒரு ஹெட்லைட்டிலிருந்து இன்னொரு ஹெட்லைட்வரை, வரிசை வரிசையாக, காரின் முன்பக்கக் கம்பி வலையை முழுக்க மூடியிருக்கும். அந்த வலைக்குப் பின்னால்தான், காற்றை வாங்கி இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்.

மறுநாள் அதே மாதிரி மாலை கட்டி, அதே ஆட்களோடு, அதே வெயிலில் போனோம். அடி அண்ணாமலை எல்லையில் கார் இரண்டு முறை குலுங்கி நின்றது. நான் கீழே குதித்துக் கை தட்டினேன்.

"வண்டி நின்னுச்சுனு குதிக்கிறவன இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றான் அண்ணன்.

பானெட்டைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. சூடு காட்டும் முள் எப்போதோ செத்துப்போனதால் யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது.

அங்கேயே என் ஆசையும் முடிவுக்கு வந்தது. இன்ஜெக்ஷன் மாட்டியிருந்தால் பெட்ரோல் கொதித்திருக்காது, காரும் நின்றிருக்காது. ஆனால் காற்று இல்லாமல் இன்ஜின் வெந்துகொண்டே ஓடி, ஒருநாள் மொத்தமாகப் போயிருக்கும். அது போக, அந்தப் பழைய டைனமோ நடை வேகத்தில் தரும் கரண்ட் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் காணாது. நண்பனுக்குப் போன் போட்டு, "வேணாம்டா, கார்பரேட்டரே இருக்கட்டும்" என்றேன்.

"போடா, படிச்சதெல்லாம் வீணா?"

"படிச்சதாலதான்டா வேணாங்கறேன்."

கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, சூடு ஏறாமல் இருக்க அடியில் தடிமனான பேக்கிங் வைத்தேன். பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயிலிருந்து தள்ளிக் கட்டினேன். சூடு காட்டும் முள்ளையும் புதிதாக மாட்டினேன். அதையெல்லாம்விடக் கஷ்டமான வேலை அம்மாவிடம் சொல்வது.

"சாமிக்குப் போடற மாலையாலயா வண்டி நின்னுச்சு? நாளைக்கு சாமியாலதான் நின்னுச்சும்ப!"

நான் வாதம் பண்ணவில்லை. இன்ஜினை ஓடவிட்டு ஒரு செய்தித்தாளை முன்வலைக்கு எதிரே பிடித்து, கையை எடுத்துவிட்டேன். தாள் வலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அம்மா அதை எடுத்துவிட்டுத் தன் உள்ளங்கையை அருகே கொண்டுபோனாள்.

"ஐயோ, மூச்சு இழுக்குதுடா!" கையை இழுத்துக்கொண்டாள். "அப்ப, மூக்கப் பொத்தியா இத்தன நாளா அனுப்பிட்டு இருந்தேன்?" பிறகு அவளே காரின் கூரையைக் காட்டினாள். "மேல கட்டறேன். ஒசரத்துல இருந்தா சாமிக்கும் நல்லாத் தெரியும்."

பௌர்ணமி காலை. பின் சீட்டில் வயதான ஒரு வெளிநாட்டுத் தம்பதி, முன்னால் அண்ணன் பக்கத்தில் நான். என் கண் அந்த முள்ளைவிட்டு நகரவில்லை. கூட்டம் வழக்கத்தைவிட ஜாஸ்தி. கார் நகர்ந்ததைவிட வழிக்காகக் காத்திருந்ததே அதிகம். முள் பாதிவரை ஏறி அங்கேயே நின்றது. அடி அண்ணாமலை வந்தது.

"கறுப்பு வண்டி வருது, வாங்கடா!"

நாலைந்து பையன்கள் ஓடிவந்து பின்னால் கை வைத்துவிட்டார்கள். அண்ணன் காரை டீக்கடை எதிரே ஓரம்கட்டித் தலையை வெளியே நீட்டினான். "தள்ள வேணாம். டீ மட்டும் குடு."

டீ வந்தது. இன்ஜினை நிறுத்தாமல் ஆற அமரக் குடித்தான்.

"ஆஃப் பண்ணுப்பா, பெட்ரோல் போவுது" என்றார் டீக்கடைக்காரர்.

"போவட்டும். எல்லாரும் கேக்கட்டும்."

கேட்டார்கள். சீரான, கனத்த அந்த உறுமல் கூட்டத்தின் சத்தத்துக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. பின் சீட்டில் இருந்தவர்களுக்கு விஷயம் புரியவில்லை. ஆனாலும் அவர்களும் சிரித்தார்கள்.

லாட்ஜ் வாசலில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு நேரத்தோட வந்துட்டியே! எங்கயும் நிக்கலயா?"

"நின்னேன் சார், டீ குடிக்க" என்றான் அண்ணன். "தம்பி ஆட்டோமொபைல் படிச்சிருக்கான். அடுத்த பௌர்ணமிக்கு ரெண்டு சுத்து வேணும்னாலும் குடுங்க."

அவர் கூரை மாலையை ஒருமுறை பார்த்தார். "வேன் வேணாம்னு சொல்லிடறேன்" என்றார்.