இருநூற்றைம்பதோடு நின்ற குமிழ்

ஓவன் கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. தையல்காரி இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள். தட்டில் கேக் கரிக்கட்டையாக இருந்தது. கத்தியை அழுத்தினாள், இறங்கவில்லை.

கணவன் இறந்த பிறகு தையல் மெஷினை வைத்தே மகளைக் கரையேற்றியவள். ஊராருடைய அளவுக்குத் துணி வெட்டியே வயது ஐம்பதாகிவிட்டது. இந்தப் பிறந்தநாளுக்குத் தன் கையால் ஒரு கேக் செய்ய ஆசை. அதற்காகத்தான் ஓவன் வாங்கினாள். செய்முறை சொன்னது ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. புகுந்த வீட்டார் எல்லோரும் கைகழுவிய பிறகும் வந்துபோகிற ஒரே ஆள்.

புகை அடங்குமுன்பே போனை எடுத்தாள்.

"வேணும்னேதான தப்பா சொன்னீங்க? நானும் செஞ்சிட்டா உங்க கேக்குக்கு இருக்கிற பேரு போயிடும்ல. நீங்களும் அந்த வீட்டு ஆளுதானே, அக்கா."

மறுமுனையில் போன் துண்டிக்கப்பட்டது. அப்போதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனி ஓரகத்தி இந்த வாசலை மிதிக்கமாட்டாள் என்று தோன்றியபோது மெஷினில் கால் ஓடவில்லை.

ஆனால் அன்று மாலையே வந்தாள். செருப்பை உதறிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"முந்நூத்தம்பது டிகிரின்னு சொன்னேன். எங்கடி வெச்ச?"

"இதுல இருநூத்தம்பதுக்கு மேல போகல. கடைசி வரைக்கும் திருப்பிட்டேன். கொறையுற நூறுக்கு இன்னும் கால்மணி கூட விட்டேன்."

"தையலுக்குத் துணி விடற மாதிரியா?" ஓரகத்தி குனிந்து ஓவன் குமிழைப் பார்த்தாள். "என்னோடது பழைய ஓவன், ஐந்நூறு வரைக்கும் போகும். அது ஃபாரன்ஹீட்டு. இது செல்சியஸ்டி."

தையல்காரி கழுத்தில் தொங்கிய டேப்பைப் புரட்டினாள். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். காய்ச்சல் நூற்றிரண்டு, வெயில் முப்பத்தெட்டு என்று இரண்டு கணக்கையும் காலமெல்லாம் கேட்டவள்தான். அடுப்பு விஷயத்தில் தோன்றவில்லை.

மகளிடம் போனில் கேட்டு, துண்டுத் துணியில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார்கள். முந்நூற்றைம்பதில் முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தால் நூற்று எழுபத்தேழு.

"சுடச் சொன்னா பொசுக்கியிருக்க."

"அக்கா, போன்ல நான்…"

"தப்பா சொன்னேன்னு சொன்னது போகட்டும். அந்த வீட்டு ஆளுன்னியே, அதுதான் வலிச்சுது."

தையல்காரி முக்காலியை இழுத்துப் போட்டாள். ஓரகத்தி உட்காரவில்லை.

"முட்டை இருக்கா?"

"தீந்துடுச்சு."

"நாளைக்கு வாங்கிட்டு வரேன்."

மறுநாள் மதியம் ஓரகத்தி முட்டையோடு வந்தாள். குமிழை நூற்றெண்பதுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார்கள். கேக் நடுவில் லேசாக வெடித்திருந்தது. ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டார்கள். முந்தைய நாள் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. மாலையில் ஒரு பெண் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். அதற்குள் ஓரகத்தி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.