கோழிக்கூண்டுக் காருக்கு வந்த பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருசமாக நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன், பிழை வரும் என்று பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அது காரணமல்ல. சாமி காரியத்தில் நான் செய்த தப்பு ஒன்று இதில் இருக்கிறது. என் மாமியார் இருந்தவரைக்கும் அதை வெளியே சொல்ல வாய் வரவில்லை. இப்போது அவர் இல்லை.

திருச்செங்கோட்டு ரிக் லாரியில் பதினாலு வருசம் டிரைவராக ஓடியவன் நான். போர்வெல் போட வடக்கே எங்கெங்கோ போய், இடுப்பு போன பிறகு ஊருக்கு வந்து நாலு விசைத்தறி போட்டுக்கொண்டேன். காலையில் குளித்து, விளக்கேற்றி, திருநீறு பூசாமல் வெளியே இறங்க மாட்டேன். இறங்கினால் நேராக முக்கு ரோட்டு பேக்கரி. அங்கே பேச்செல்லாம் காரைப் பற்றித்தான். பாதிப் பேரிடம் கார் கிடையாது. பேசுவதற்குக் கார் எதற்கு?

எந்த வண்டியின் தகரம் பப்படம் மாதிரி, எதன் முகம் அழுதுகொண்டே இருக்கிறது, எது அடைகாக்கும் கோழி போலப் பின்பக்கம் புடைத்துக் கிடக்கிறது என்று தினமும் பஞ்சாயத்து. சல்லிசாக வந்த குட்டிக் கார் ஒன்றை யாருமே தொடவில்லை. வண்டியில் குறை இல்லை, ‘இல்லாதவங்க வண்டி’ என்று பேர் விழுந்ததுதான் குறை என்று பால்காரர் ஒருவர் மட்டும் வாதாடுவார். அவர் பேச்சு எடுபடாது. கடைசியில் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். லாரி ஓட்டியவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கும் அது பிடித்திருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அங்கே டீக்கு வருவார். அவர் சம்சாரத்துக்கு முட்டி தேய்ந்து குனிய முடியாது. அதற்காக உயரமான கார் ஒன்று வாங்கினார். அந்த மாடல் எங்கள் பக்கம் யாருக்கும் ஆகாது. முன்னால் மூக்கு இல்லை, பின்னால் அரிவாளால் வெட்டிவிட்ட மாதிரி. அது வந்து நின்ற முதல் நாளே நான் சொன்னேன்: “நாலு டயர் மாட்டுன கோழிக்கூண்டுங்க இது.” நாமக்கல் பக்கத்தில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கடையே சிரித்தது. கம்பவுண்டர் டீயை ஆற்றிக்கொண்டே, “உள்ள முட்டை ஒடையறதில்லீங்க, அது போதும்” என்றார்.

பேர் நிலைத்துவிட்டது. தகரம் ஆகாது, மேட்டில் இழுக்காது, காற்றடித்தால் சாயும் என்று நானும் நாளுக்கொன்று சேர்த்தேன். அந்த வண்டியை நான் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

ரெண்டு வருசம் கழித்து அவர் சம்சாரம் தவறிப்போனார். சேலத்தில் மகள் வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லி, காரை விற்க நினைத்தார். முட்டி வலிக்காரர் இருக்கிற வீட்டுக்குத்தான் கொடுப்பேன் என்றார். என் மாமியாருக்கும் அதே முட்டி. அமாவாசை தவறாமல் திருச்செங்கோட்டு மலைக்குப் போனவர், பஸ் படி ஏற முடியாமல் நின்றுவிட்டார். என் மச்சினன், அதாவது சம்சாரத்தின் தம்பி, அம்மாவுக்காகத்தான் கார் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பவுண்டர் கார் ஒன்று. இன்னொன்று தாழ்வான சிவப்புக் கார், பேக்கரியில் நான் வாயாரப் புகழ்ந்தது. எதை வாங்குவது என்று தெரியாமல், பூக் கேட்டுவிடலாம் என்றான்.

எங்கள் குலசாமி கோயிலில் வெள்ளரளியும் செவ்வரளியும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். பிரித்துப் பார்ப்பது கூட வந்த பெரியவர். பார்த்துச் சொன்னதும் ரெண்டு பொட்டலமும் கிணற்றில் போய்விடும். அன்றைக்குப் பெரியவர் நான்தான். கம்பவுண்டர் காரை வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

பூசாரி கற்பூரம் எடுக்கத் திரும்பினார். மச்சினன் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றான். நான் இலையைப் பிரித்தேன். வெள்ளை.

அந்த நேரத்தில் எனக்குச் சாமி நினைப்பு வரவில்லை. கோழிக்கூண்டு என் மச்சினன் வீட்டு வாசலில் நிற்பதும், அதில் என்னையும் ஏற்றிக்கொண்டு பேக்கரி முன்னால் அவன் போவதும், கடை மொத்தமும் சிரிப்பதும்தான் தெரிந்தது. இலையை மடித்தேன். “செவப்பு மாப்ள” என்றேன். ரெண்டையும் கொண்டுபோய் நானே கிணற்றில் போட்டேன்.

சிவப்புக் கார் வந்தது. மாமியார் முதல் தடவை அதில் உட்காரவில்லை, விழுந்தார். மலைமேல் இறங்கும்போது ரெண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. ரெண்டு அமாவாசை அப்படிப் போனார். மூன்றாவதற்கு வரவில்லை என்றுவிட்டார். ஒருநாள் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றபடி சொன்னார்: “ஏனுங் மாப்ள, அந்த ஒசரக் காருன்னா நா ஏறியிருப்பனுங்க. சாமியே வேண்டாம்னுருச்சு. நா மலைக்கு வாரது அதுக்குப் புடிக்கலையாட்ட இருக்குது.”

டீ கையிலேயே ஆறியது.

சாமி வேண்டாமென்ற கார் என்று ஊரெல்லாம் பரவி, கம்பவுண்டரிடம் அப்புறம் விலை கேட்கக்கூட ஆள் வரவில்லை. காரை அவரே சேலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒரு மழை நாளில் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் நான் நனைந்து நின்றபோது, ஏதோ வேலையாக ஊருக்கு வந்திருந்தவர் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். முதல் தடவையாக அதில் ஏறினேன். குனியவே இல்லை. என் இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் வரைக்கும் அவர் பூவைப் பற்றிக் கேட்கவில்லை. இறங்கும்போது, “உங்க மாமியாருக்கு ஆகியிருக்குமுங்க” என்று மட்டும் சொன்னார். அன்றைக்காவது அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. தினமும் விளக்கேற்றினேன், திருநீறு பூசினேன், சாமி முகத்தை மட்டும் நேராகப் பார்க்க முடியவில்லை.

போன புரட்டாசியில் மாமியார் காலமானார். கடைசி வரைக்கும் மலைக்குப் போகவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு பேக்கரியில் வைத்தே மச்சினனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் தோளில் கை வைத்தான். “போச்சாது உடுங்க மாமா. நீங்க போயி பொய் சொல்லுவீங்களா? அதும் சாமி முன்னால?” துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்துவிட்டான். சொல்லச் சொல்ல எனக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தான்.

ஒரு வாரத்தில் கதை வேறாகிவிட்டது. சிவப்பாக வந்த பூ என் கையில் வெள்ளையாக மாறியதாம். கம்பவுண்டரின் கார் விலை போக வேண்டும் என்று நான் இறங்கி வந்து பழி ஏற்றுக்கொண்டேனாம். ஒரு பெரியம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மறுத்து மறுத்து அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதிவிட்டேன்.

படிப்பவர்கள் யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். எனக்காக எதையும் குறைக்க வேண்டாம், காருக்காக எதையும் ஏற்றவும் வேண்டாம். அந்தக் கார் மேட்டில் முனகும், ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கும், பார்க்கவும் அழகில்லை. ஆனால் முட்டி தேய்ந்தவர் குனியாமல் ஏறலாம். பூ வெள்ளை. சிவப்பு என்றது என் வாய். அந்த அம்மா மலைக்கு வருவது சாமிக்குப் பிடித்துத்தான் இருந்தது.