இறக்கத்தில் பிரேக் பிடித்தவன்

என் அண்ணனுக்குச் சர்க்கரை வந்த வருஷம்தான் பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நடப்பது தன் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று அண்ணன் மதுரைக்குப் போய் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். விடிகாலையில் வெம்பக்கோட்டை அணை வரைக்கும் மிதிப்பார், திரும்புகிற வழியில் நாலு வடையைப் பிய்த்துப் போட்டுக்கொள்வார். சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் போனில் சைக்கிள் வீடியோ தேடித் தேடிப் பார்த்து, இருபத்தோரு நாள் நடக்கிற அந்தப் பந்தயத்துக்கு அடிமையாகிவிட்டார். தான் விழுந்த குழியில் என்னையும் இழுத்துப் போட்டார்.

அது ஜூலையில் நடக்கும். எங்கள் தொழிலில் ஜூலை என்றால் மூச்சுவிட நேரம் கிடையாது. தீபாவளி ஆர்டர் எல்லாம் அந்தச் சமயத்தில்தான் கழுத்தை நெரிக்கும். பட்டாசுக் கம்பெனி ஊருக்கு மேற்கே பொட்டக்காட்டில் இருக்கிறது. டவுனில் ஒரு சின்ன ஆபீஸ், மேலே ஒரு அறை. அண்ணன் உற்பத்தியைப் பார்க்க, நான் பெட்டி, லேபிள் அச்சடிக்கிற வேலையைப் பார்க்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலறையில் டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவோம். வருகிற போனை எல்லாம் அண்ணன் ஒரு முறை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பார். வீட்டில் எனக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுதுவதற்கில்லை.

மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் எங்கள் போர்மேன். வெடிமருந்து கலப்பது, அறைக்கு எத்தனை பேர் உட்காரலாம், எது முதலில், எது பிறகு என்று கம்பெனிக்குள் அத்தனையும் அவர் பொறுப்பு. அறுபதை நெருங்குகிறவர். நானும் அண்ணனும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்களை முதலாளி, சின்ன முதலாளி என்பார். விஸ்வநத்தத்திலிருந்து ஒரு பழைய சைக்கிளில் வேலைக்கு வருவார். அந்த ஒரே தகுதியை வைத்துத்தான் அண்ணன் அவரை முதல் நாள் டிவி முன்னால் உட்கார வைத்தார்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. வர்ணனையை மொழிபெயர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் பாதிதான் புரியும், மீதியை என் சொந்தச் சரக்கால் நிரப்புவேன். மலை உச்சியில் ஓட்டுகிறவர்களுக்கு ஆட்கள் செய்தித்தாளை நீட்டுவதை முதன்முதலில் பார்த்தபோது, ஏதோ கடை விளம்பர நோட்டீஸ் கொடுக்கிறார்கள் என்று நானே அடித்துவிட்டேன். அண்ணாச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இல்ல சின்ன மொதலாளி. நெஞ்சுக்குள்ள சொருகுறான் பாருங்க. வேர்த்த உடம்போட கீழ எறங்குறான்ல, குளுந்த காத்து அடிக்கும். அதுக்குத்தான்.”

அதுதான் சரி. வர்ணனையாளர் ஒரு நிமிஷம் கழித்து அதையே சொன்னார். அன்றிலிருந்து நான் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தேன்.

அவர் பந்தயம் பார்க்கிற அழகே தனி. நாங்கள் முன்னால் போகிறவனைப் பார்ப்போம், அவர் ஐந்தாவது ஆறாவதாக வருகிறவனைப் பார்ப்பார். “இவன் தண்ணியக் குடிச்சுட்டு பாட்டில தூக்கி எறிஞ்சுட்டான். எடையக் குறைக்கான். இப்ப எந்திரிப்பான்” என்பார். அவன் எழுந்து மிதிப்பான். “அந்தச் செவப்புச் சட்டைக்காரனுக்கு வலது முழங்கை வெளிய போகுது. இன்னும் ரெண்டு வளைவுதான் தாங்குவான்” என்பார். மூன்றாவது வளைவில் அவன் பின்தங்குவான். நாற்பது வருஷம் மனிதர்களின் கையையே பார்த்து வேலை வாங்கியவர். யாருக்குக் கை நடுங்குகிறது, யார் இன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் தெரிந்து, அவர்களை மருந்துப் பக்கம் விடாமல் பெட்டி ஒட்ட அனுப்பிவிடுவார். அந்தக் கண்ணைத்தான் டிவிக்கும் கொண்டுவந்தார். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது.

அண்ணனுக்கும் அவருக்கும் ஒத்தே போகாது. முன்னால் பாய்கிறவன்தான் அண்ணனுக்கு வீரன். கூட்டத்துக்குள் ஒளிந்து, அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் வருகிறவனை எல்லாம் ‘ஓசிச் சவாரி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அண்ணாச்சியோ, “மூணு வாரம் ஓட்டணும் மொதலாளி. ஒரே நாளுல அம்புட்டையும் கொளுத்திட்டா நாளைக்கு என்னத்தக் கொளுத்துறது?” என்பார். இப்படி வருஷா வருஷம் அடித்துக்கொள்வார்கள். கீழே டீக்கடைக்காரர் மேலே என்னவோ பாகப்பிரிவினை நடக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

நான் சொல்ல வந்தது இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு நாளை.

அன்றைக்கு மதியம் ஒரு மணி சுமாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பக்கம் கறுத்து, இடி இடித்தது. இடிச் சத்தம் கேட்டால் மருந்தறையை விட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி. விதி என்னவோ எல்லாக் கம்பெனியிலும் உண்டு. தூரத்து இடி, பக்கத்து இடி என்று அதற்குள் பேரம் பேசிக்கொள்வதும் உண்டு. எங்கள் அண்ணாச்சிக்குப் பேரம் கிடையாது. மணியை அடித்து அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்து பொட்டலில் உட்கார வைத்துவிட்டார். வானம் மூன்று மணி வரை உறுமிக்கொண்டே இருந்ததால் யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. காலையில் கலந்த மருந்தை அன்றைக்கே அடைத்து முடித்துவிட வேண்டும். ராத்திரி வைத்திருந்தால் நமத்துச் சூடேறும், அது ஆளைக் கொல்லும். அதனால் மிச்சம் இருந்த மருந்து முழுவதையும் முறைப்படி அழித்தார். மறுநாள் கோயம்புத்தூர் வியாபாரி ஒருவருக்கு ஏற வேண்டிய லோடு அந்த மருந்தை நம்பித்தான் இருந்தது. கடைசியில் எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை விழவில்லை, ஒரு மின்னலும் இறங்கவில்லை. நாலு மணிக்கு வெயில் பல்லைக் காட்டியது.

அண்ணன் ஆபீசில் குதித்தார்.

“எங்கயோ மலையில இடிச்சதுக்கு இங்கன வேலைய நிப்பாட்டுவாராலே? கேட்டா, சத்தம் கேட்டுச்சுங்கிறாரு. வயசாயிருச்சு, பயம் புடிச்சிருச்சு. நாளைக்குக் காலையில கணக்க முடிச்சு அனுப்பிட்டு வேற ஆளப் பாத்துருதேன். நீ எதுவும் பேசாத.”

அண்ணாச்சி செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. லேபிள் புரூப்பை விரித்து வைத்து, ஏற்கெனவே பார்த்ததையே மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் போனிலும் கத்தியிருக்கிறார். ஆகவே அண்ணாச்சி அன்றைக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன். ஆறு மணிக்கு, குளித்து, திருநீறு பூசி, வழக்கம் போல வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எத்தன மலை இன்னைக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

“மூணு. கடைசி மலை எறங்குனதும் சமவெளி கொஞ்சம், அப்புறம் முடிவு” என்றேன்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பெனிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. டிவியில் அங்கேயும் மழை.

அண்ணாச்சிக்குப் பிடித்தவன்தான் அப்போது மஞ்சள் சட்டையில் இருந்தான். மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருக்கிறவனுக்கு அந்தச் சட்டை. இரண்டாவதாக இருந்தவன் அண்ணனுடைய ஆள், அரை நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. மூன்றாவது மலை உச்சி வரைக்கும் இருவரும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். இறக்கத்தில் அண்ணனுடைய ஆள் தலையைக் குனிந்து பாய்ந்தான். ரோடு கண்ணாடி மாதிரி மின்னியது. மஞ்சள் சட்டைக்காரன் இரண்டு வளைவு வரை துரத்தினான். மூன்றாவது வளைவில் பிரேக்கைப் பிடித்தான். அடுத்ததிலும் பிடித்தான். முன்னால் போனவன் கண்ணுக்கு மறைந்துவிட்டான்.

“பயந்தாங்கொள்ளி!” அண்ணன் தொடையில் அடித்தார். “இவனுக்கெல்லாம் எதுக்குச் சட்டை? பாத்தீகளா அண்ணாச்சி, உங்காளு லட்சணத்த!”

“பாத்தேன். பின்சக்கரம் ஒரு தடவ வழுக்குச்சு. நீங்க பாக்கல.”

“வழுக்கத்தான் செய்யும். முன்னால போறவனுக்கு மட்டும் ரோடு காஞ்சா கெடக்கு?”

“அவன் போறான். அவன் கை அது. இவன் கைக்கு வழுக்குறது தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சபெறகு பிரேக்க விடக்கூடாது.”

யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அடுத்த தர்க்கத்தை அண்ணாச்சியே ஆரம்பித்தார். மஞ்சள் சட்டைக்காரனின் அணியைச் சேர்ந்த ஒருவன் ஆரம்பத்திலேயே கூட்டத்திலிருந்து பிரிந்து வெகுதூரம் முன்னால் போயிருந்தான். அன்றைக்கான பந்தயத்தை ஜெயிக்கப்போகிறவன் அவன்தான். “அவன நிப்பாட்டணும். நின்னு, இவனுக்கு முன்னால காத்த மறைச்சு இழுத்துட்டுப் போகணும். சமவெளியில ஒத்த ஆளா ஒண்ணும் முடியாது” என்றார்.

“ஜெயிக்கப் போறவன் எதுக்கு நிக்கணும்? இவன் பயந்ததுக்கு அவன் பலியா?” என்றார் அண்ணன்.

“மாட்டேன்னும் சொல்லலாம். பாப்போம்.”

அவன் நின்றான். ஒரு காலைத் தரையில் ஊன்றி, கொட்டுகிற மழையில், திரும்பிப் பார்த்தபடி நின்றான். ஜெயிக்க வேண்டிய ஒருத்தன் அப்படி நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மஞ்சள் சட்டை வந்து சேர்ந்ததும் முன்னால் போய் உயிரைக் கொடுத்து மிதித்தான். அண்ணன் உட்பட மூன்று பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டோம். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

போதவில்லை. ஒரு சில விநாடியில் மஞ்சள் சட்டை கைமாறியது. அண்ணனுடைய ஆள் விழவும் இல்லை, வழுக்கவும் இல்லை. கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் தூக்கினான். அண்ணாச்சி சொன்னதற்கு ஆதாரமாக அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை, இங்கேயும் சரி, அங்கேயும் சரி. அவன் விழுந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அண்ணன் குதிப்பார் என்று பார்த்தேன். குதிக்கவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

“தோத்துட்டானே அண்ணாச்சி. இப்ப என்ன சொல்றீக?”

“தோத்துட்டான் மொதலாளி. முன்னால போனவன் நல்லா ஓட்டுனான், இல்லங்கல.”

“நாளைக்கும் ரோடு நனைஞ்சிருந்தா?”

“நாளைக்கும் பிரேக்கப் புடிப்பான்.” அண்ணாச்சி அண்ணனை நேராகப் பார்த்தார். “நாளை மறுநாளும் புடிப்பான். அது பிடிக்கலன்னா கம்பெனிக்காரக வேற ஆளப் போட்டுக்கிடட்டும். அதுல எனக்கு வருத்தமில்ல. எறங்கி வந்த ஆளு முழுசா வந்தான்ல, அது போதும்.”

குரலில் கோபமோ கெஞ்சலோ இல்லை. மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்து வைத்திருந்த மனிதர். அந்த வேலை போனால் அந்த வயதில் இன்னொரு கம்பெனியில் யாரும் போர்மேனாகச் சேர்க்க மாட்டார்கள். அது எனக்கே தெரியும் என்றால் அவருக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? அப்போதும் ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வாழ்நாளில் நான் பார்த்த துணிச்சலில் அதுதான் பெரியது.

அண்ணன் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. கோயம்புத்தூர் வியாபாரி. கவிழ்த்து வைப்பார் என்று நினைத்தேன். எடுத்தார்.

“ஆமாங்க, லோடு நாளைக்கு ஏறாது... இல்லங்க, நாளன்னைக்கும் சொல்ல முடியாது. மருந்த அழிச்சாச்சு.” அந்தப் பக்கம் சத்தம் எங்களுக்கே கேட்டது. யாருடைய வேலை இது, எந்த முட்டாள் நிறுத்தினான் என்று கேட்கிறார். அண்ணன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தோற்றவன் மழைக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு, தனக்காக நின்றவன் தோளில் கை போட்டபடி நடந்து போனான்.

“போர்மேன் இல்லங்க” என்றார் அண்ணன். “நான்தான் நிப்பாட்டச் சொன்னேன். இடி இடிச்சா எங்க கம்பெனியில ஆளு உள்ள இருக்க மாட்டாக. முன்னாலயே சொல்லாதது என் தப்பு. வேற எடத்துல வாங்கிக்கிடுறதுன்னா வாங்கிக்கோங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

வியாபாரி போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் ஆர்டர் கொடுக்கவே இல்லை.

அண்ணாச்சி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “நிப்பாட்டச் சொன்னது நீங்க இல்லையே மொதலாளி, நான்தானே.”

“தெரியும்” என்றார் அண்ணன், இன்னும் அவரைப் பார்க்காமல். “இனிமே எவன் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க.”